குதிரை இன்னும் வரவில்லை

ஏரோப்ளேன் ஏறும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. காஞ்சிபுரத்தில் பிறந்து காஞ்சிபுரத்திலேயே வாழ்க்கைப்பட்டவள் வேறு எந்த ஊரைப் பார்க்க வேண்டும்? ஊர் பார்க்கிறவர்களெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் பஸ் பிடித்து வருகிறார்கள். அப்படிப்பட்ட நான் எழுபத்திரண்டு வயதில் பாரிஸ் போய் வந்ததற்குக் காரணம் ஒரு குதிரை. ஆறாயிரம் மைலோ என்னவோ பறந்து போயும் அந்தக் குதிரையைச் சரியாகப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது.

சரசு என் தங்கை. புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு, அவருக்கிருந்த பிரெஞ்சுக் குடியுரிமையில் பாரிஸ் போய்ச் சேர்ந்தவள். போய் முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவர் இப்போது இல்லை. ஒரே மகள் சுகந்தி, அங்கேயே பிறந்தவள், பல் டாக்டர். அவள் ஒரு பிரெஞ்சுப் பையனைக் கட்டிக்கொள்வதாகவும், கல்யாணத்தைக் காஞ்சிபுரத்தில் வைத்துக்கொள்வதாகவும் முடிவானது. பையன் பெயர் ழூலியன். எனக்கு அது வாயில் நுழையவில்லை. சூலி என்று வைத்துக்கொண்டேன். சூலம் பிடித்த சாமியின் பெயர். மாப்பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

பங்குனி மாதம் சுகந்தி போன் பண்ணினாள். அவள் தமிழ் காதால் கேட்டுக் கற்றது. மரியாதை ஒரு வார்த்தையில் ஏறும், அடுத்த வார்த்தையில் இறங்கும்.

“பெரியம்மா, நீங்க கேளு. கல்யாணப் பொடவ முந்தானையில எனக்கு ஒரு படம் வேணும். இங்க மியூசியத்துல இருக்குது. ஜனங்க நிறைய நிக்கிறாங்க. குடை எல்லாம் புடிச்சுக்கினு. குதிரை வரத பாக்கிறாங்க.”

ஜனங்கள், குடை, குதிரை. எங்கள் ஊரில் இந்த மூன்றையும் சேர்த்துச் சொன்னால் கைக்குழந்தைகூடக் கையைக் கூப்பும். பங்குனித் திருவிழாவில் சாமி குதிரை வாகனத்தில் வருகிறார், அவ்வளவுதானே! யாரோ ஒரு வெள்ளைக்காரன் எந்தக் காலத்திலோ வந்து பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் எழுதி மாட்டியிருக்கிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. “போட்டுடலாம்டி கண்ணு” என்றேன்.

போனைப் பிடுங்கிக்கொண்டு சரசு பேசினாள். “அக்கா, அதெல்லாம் ஒன்னால முடியாது. நெய்யற டிசைன் இல்ல அது. நான் இங்கியே சில்க்குல பிரிண்ட்டு போட்டுக்கறேன், வுட்ரு.”

முடியாது! அந்த வார்த்தையைத் தறிக்குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடியவள் நான். என் வீட்டுத் தறியில் யானை நெய்திருக்கிறோம், யாளி நெய்திருக்கிறோம், ஒருத்தர் கேட்டாரென்று ரயில் வண்டிகூட நெய்திருக்கிறோம். பிரிண்ட்டாமே, பிரிண்ட்டு. பேப்பருக்குப் போடுவது.

“முடியாதுன்னு சொல்ல நீ யாருடி? நான் வந்து கண்ணால பாத்துட்டுச் சொல்றேன். முடியும்னா அவ என் தறிப் பொடவதான் கட்டணும். முடியாதுன்னா நீ உன் பிரிண்ட்ட கட்டு” என்றேன். வாயை விட்ட பிறகு ஏரோப்ளேன் ஏறாமல் இருக்க முடியுமா?

எங்கள் பிள்ளையார்பாளையம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. நானேதான் பரப்பினேன். கோயில் குருக்கள் விபூதிப் பொட்டலம் ஒன்று கொடுத்து, “அந்தப் படத்தண்ட வச்சு எடுத்துண்டு வாங்கோ, பொண்ணுக்கு நெத்தியில இட்டுக்கலாம்” என்றார். ரவிக்கைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் சரசு வீட்டிலேயே கழிந்தது. ஆறாவது மாடி. லிப்டில் இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாமவர் மூச்சு விடக் கூடாது. சாப்பாட்டு மேசையில் உருட்டுக்கட்டை நீளத்துக்கு ஒரு ரொட்டி. அதைக் கையால் பிய்த்துத் தின்ன வேண்டும். பல் இருக்கிறவர்களுக்கு நல்ல சாப்பாடு. கூடவே வெண்ணெய் மாதிரி ஒன்று வைத்தாள். சாயத்தொட்டி பக்கம் போனால் ஒரு வாடை வருமே, அது.

நான் மந்தாரை இலையில் கட்டிக்கொண்டு போயிருந்த காஞ்சிபுரம் இட்லியைப் பிரித்தேன். சரசு பேசாமல் ஆறு துண்டு தின்றாள். தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு, “சுக்கு கொஞ்சம் தூக்கலா இருக்குது” என்றாள். முப்பது வருடத்தில் அவள் ஒன்றும் மாறவில்லை.

இரண்டாம் நாள் மியூசியம் போனோம். வாசலில் சங்கிலி போட்டிருந்தது. உள்ளே வேலை செய்கிறவர்கள் வேலைநிறுத்தமாம். “எங்க ஊர்லயும்தான் நடக்குது, ஆனா கேட்டாண்ட பந்தல் போட்டு மோராவது குடுப்பாங்க” என்றேன். சுகந்தி என்னைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போனாள்.

அந்தக் காப்பிக் கடையை நான் மறக்க மாட்டேன். நாற்காலிகளெல்லாம் தெருவைப் பார்த்தபடி வரிசையாகப் போட்டிருந்தன. எதிரெதிரே உட்கார்ந்து பேசுகிறவர் யாருமில்லை. ஆணும் பெண்ணும் கையில் கிளாசை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“தேர் வருதாடி?” என்று கேட்டேன்.

“இல்ல பெரியம்மா. சும்மா பாக்கறாங்க.”

“எத?”

“நடக்கற ஜனங்கள.”

“நடக்கறவங்க?”

“அவங்க உக்காந்துக்கினு இருக்கறவங்கள பாப்பாங்க.”

காப்பி மருந்துச் சங்கில் ஊற்றும் அளவு இருந்தது. கசப்பும் மருந்துதான்.

மூன்றாம் நாள் ரயிலில் போனோம். கூட்டம். கதவு மூடும்போது என் முந்தானை வெளியே போய் மாட்டிக்கொண்டது. நான் உள்ளே, என் முந்தானை பாரிஸ் நகரத்தைச் சுற்றிப் பார்க்கிறது. அடுத்த ஸ்டேஷனில் எதிர்ப்பக்கக் கதவு திறந்தது. அதற்கடுத்த ஸ்டேஷனிலும் அப்படியே. மூன்றாவதில்தான் எங்கள் கதவுக்கு மனசு வந்தது. அதுவரை வண்டியிலிருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்ட இரண்டு பேர் பிறகுதான் பதறினார்கள். முந்தானையை இழுத்துப் பார்த்தேன். கொஞ்சம் கரி. ஒரு இழை பிரியவில்லை. அதை அந்த வண்டி முழுக்கப் பார்க்கட்டும் என்று விரித்துப் பிடித்து உதறிவிட்டுத்தான் இறங்கினேன்.

மியூசியத்தில் படம் இருந்த அறைக்குள் நுழைந்ததும் சுகந்தி, “அதோ” என்றாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கைகளைத் தலைக்கு மேல் கூப்பி, “ஏகாம்பரநாதா!” என்று கூப்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்ற கிழவர் ஒருவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். பிறகு படத்தைப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

அப்புறம்தான் படத்தைப் பார்த்தேன். பெரிய புல்வெளி. வெள்ளைப் பாவாடைக்காரிகள் குடை பிடித்திருக்கிறார்கள். கறுப்புத் தொப்பி வைத்த ஆண்கள். ஒருத்தி திரும்பி இன்னொருத்தியோடு பேசுகிறாள். ஒருவன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறான். குழந்தை ஒன்று புல்லைப் பிடுங்குகிறது. கூட்டம் கூட்டமாக நிற்கிறார்கள். சந்தேகமே இல்லை, திருவிழாதான்.

“குதிர எங்கடி?”

மேலே வலது மூலையில் பழுப்பாக நாலு தீற்றல் இருந்தது. சுகந்தி அதைக் காட்டினாள்.

“இது வாகனமா? சாமி எங்க?”

“சாமி இல்ல பெரியம்மா. ஜாக்கி.”

“ஜாக்கியா? கார் டயரு மாத்தறதா?”

“இல்ல, குதிரைய ஓட்டறவங்க. இது ரேஸ், பெரியம்மா. குதிரை ரேஸ் பாக்க வந்த ஜனங்க.”

அந்த அறையின் நடுவில் ஒரு பெஞ்சு இருந்தது. நல்லவேளை.

எங்கள் தெருவில் ‘அவன் ரேஸுக்குப் போகிறவன்’ என்று ஒரு பேச்சு வந்தால் போதும், அவனுக்குப் பெண் கிடைக்காது. நான் ஊரெல்லாம் சொல்லி, குருக்களிடம் விபூதி வாங்கிக்கொண்டு வந்தது இதற்கா? “ரேஸுக்குப் போறவனுக்குப் பொண்ணே குடுக்க மாட்டோம்டி. நீ அந்தக் கும்பலையே முந்தானையில போட்டுக்கினு மணையில உக்காரப் போறியா?” என்றேன். சுகந்திக்கு முகம் சுண்டிப்போனது.

கொடுத்த வாக்கை எப்படி மீறுவது? படத்தை நெய்ய முடியுமா என்று பார்க்கத்தானே வந்தேன். அதைப் பார்த்துவிடலாம் என்று எழுந்து கிட்டே போனேன். கிட்டே போனதும் கூட்டத்தைக் காணோம்! வெறும் திட்டுத் திட்டாகச் சாயம். பின்னால் வந்தேன், பெண்கள் குடையோடு நின்றார்கள். முன்னால் போனேன், கரைந்துபோனார்கள். ஏழெட்டுத் தடவை போய் வந்ததில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கொடி, புட்டா என்று நிறைய வேலை செய்த சேலையைத் திருப்பினால் இப்படித்தான் இருக்கும். நூலும் முடிச்சுமாக, உருவம் பிடிபடாது. மாட்டினவன் தெரியாமல் பின்பக்கத்தை வெளியே வைத்து மாட்டிவிட்டான். நல்ல பக்கம் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சட்டத்தின் ஓரத்தில் இரண்டு விரல் கொடுத்து லேசாக விலக்கினேன்.

‘கூ’ என்று ஊரே அதிரும்படி ஒரு மணி அலறியது. காவல்கார அம்மா ஒருத்தி ஓடிவந்தார். கறுப்பு நிறம், நல்ல உயரம், தேர்ச்சக்கரம் மாதிரி தலைக்கட்டு. ஆப்பிரிக்காவில் செனகல் என்ற நாட்டுக்காரர் என்று பிறகு தெரிந்தது. அவர் சொன்னதைச் சுகந்தி எனக்குச் சொன்னாள்:

“அம்மா, அதத் தொட்டா என் வேல போயிடும்.”

“தொடல. திருப்பித்தான் பாத்தேன்னு சொல்லு.”

“திருப்பறது தொடறதவிட மோசமாம்.”

“எங்க ஊர்ல மூஞ்சியப் பாத்து யாரும் பொடவ எடுக்க மாட்டோம், முதுகப் பாத்துத்தான் எடுப்போம்னு சொல்லு. யோக்கியமான வேலன்னா ரெண்டு பக்கமும் காட்டணும்.”

சுகந்தி சொன்னாள். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். மணியை நிறுத்தினார். என்னை வெளியே தள்ளப் போகிறார் என்று நினைத்தேன். கிட்டே வந்து என் முந்தானை நுனியை எடுத்துத் திருப்பினார். விரலால் தடவினார். ஜரிகையும் பட்டும் சேரும் இடத்தை நகத்தால் நெருடிப் பார்த்தார். பிறகு ஏதோ சொன்னார்.

“இன்னாடி சொல்றாங்க?”

“பின்பக்கம் சுத்தமா இருக்குதாம். அவங்க அம்மா ஊர்ல துணிக்குச் சாயம் போடறவங்களாம்.”

அந்த ஊரில் கால் வைத்து மூன்று நாளில், விஷயம் தெரிந்த ஆள் ஒருவரை அப்போதுதான் பார்த்தேன்.

நான்காம் நாள் சுகந்தியோடு மறுபடியும் போனேன். காவல்கார அம்மா என்னைப் பார்த்ததும் காலால் தரையில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் படம். சரி என்று தலையாட்டினேன். ஒன்பது வருடமாக அந்த அறையில் நிற்கிறாராம். வருகிறவர்கள் அவரிடம் கேட்பது கழிவறை எங்கே என்று மட்டும்தானாம். குதிரையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லையாம்.

“ரெண்டு பேர் கேட்டோம்” என்றாள் சுகந்தி மெதுவாக. “அப்பா செத்துப்போன வருஷம், நான் இங்க வந்து இந்த பெஞ்சில உக்காருவேன். வீட்ல அம்மா முன்னால அழ முடியாது. ஒரு நாள் பக்கத்துல ஒருத்தர் வந்து உக்காந்தாரு. இது குதிரை ரேஸ்னு போட்டிருக்குது, குதிரை எங்கன்னு கேட்டாரு. நான் காட்டினேன். அவரு, அது குதிரை இல்ல, தூசின்னாரு. நான் குதிரைன்னேன். அன்னிக்கு மியூசியம் மூடற வரைக்கும் சண்ட போட்டோம், பெரியம்மா.”

“அது சூலியா?”

“சூலிதான்.”

கோட்டின் இந்தப் பக்கம் நின்று படத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். முந்தைய நாள் கோபத்தில் பார்த்தேன்; இப்போது வேலைக்காரி கண்ணால் பார்த்தேன்.

மனுஷர்கள் நெய்ய ஆக மாட்டார்கள். தறியில் ஒரு நூல் என்றால் மேலே தூக்க வேண்டும், இல்லை கீழே விட வேண்டும். நடுவில் நிற்கிற நூல் கிடையாது. இந்த ஆளோ ஒருவருக்கும் மூக்கு வைக்கவில்லை, கண் வைக்கவில்லை. இது தொப்பியா தலையா என்பதைக்கூடப் பார்க்கிறவர்களிடம் விட்டுவிட்டான். இதைத் தறிக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு ஆளுக்கும் நான் மூக்கும் கண்ணும் வைக்க வேண்டும். அப்புறம் அது அந்தப் படமாக இருக்காது. வெறும் ரேஸ் கும்பலாகிவிடும்.

ஆனால் புல்? புல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூரத்திலிருந்து பச்சைப் பசேலென்று இருந்த அந்தப் புல்லில் பச்சையே இல்லை! ஒரு இழுப்பு மஞ்சள், பக்கத்தில் ஒரு இழுப்பு நீலம். கண்தான் பச்சையாக்கிக்கொள்கிறது. இது எங்கள் தெரு வேலை அல்லவா! நீளத்துக்கு ஓடும் பாவு நூல் ஒரு கலர், குறுக்கே போகும் ஊடை நூல் இன்னொரு கலர். இரண்டும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று மினுங்கும். மயில்கழுத்துக் கலர் அப்படி வருவதுதான். “ஏம்பா, எந்த வீட்டுத் தறியிலப்பா கத்துக்கின?” என்று அந்தப் படக்காரனை வாய்விட்டே கேட்டேன். காவல்கார அம்மா கோட்டைப் பார்த்தார். நான் இந்தப் பக்கம்தான் நின்றேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் சரசு மீன்குழம்பு வைத்தாள். புதுச்சேரிக் குழம்பு, நன்றாக இருந்ததை நான் சொல்லவில்லை. சோற்றைப் பரிமாறிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இன்னாக்கா? முடியுமா, முடியாதா? ஒரே வார்த்த.”

சுகந்தி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடியாது” என்றேன்.

சரசு கையிலிருந்த கரண்டி குழம்பிலேயே விழுந்தது. அறுபது வருடமாக அவள் காத்துக்கொண்டிருந்த வார்த்தை. கிடைத்ததும் என்ன செய்வது என்று தெரியவில்லை அவளுக்கு.

“இன்னா சொன்ன?”

“முடியாதுன்னேன். ஆளுங்கள நெய்ய முடியாது.”

“இன்னொரு வாட்டி சொல்லு.”

“போடி. சோறு ஆறுது.”

சுகந்தி நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது. “அப்ப பிரிண்ட்டா, பெரியம்மா?”

“அதுக்கா நான் ஏரோப்ளேன் ஏறி வந்தேன்? புல்லு முடியும். மஞ்சப் பாவு, நீல ஊடை. நீ நடந்தா ஒரு மடிப்புல மஞ்சளு, ஒரு மடிப்புல நீலம், மொத்தத்துல பச்ச. முந்தானையில வரிசையா குடை. குடை நம்ம சாமிக்கும் உண்டு, யாரும் கேக்க மாட்டாங்க.”

“குதிரை?”

“குதிரையும் முடியும்.”

“எங்க?” என்றாள் சரசு உடனே. பிரிண்ட்டுப் பேச்சு போன இடம் தெரியவில்லை.

“முடியற எடத்துல முடியும்” என்று சொல்லிவிட்டு மீனை எடுத்தேன். இரண்டு பேருக்கும் புரியவில்லை. ஒருத்திக்குத் தமிழ் பத்தாது. இன்னொருத்திக்கு அதை மறந்து முப்பது வருடமாகிறது.

ஊருக்குப் புறப்படும் முன்பு மியூசியத்துக்குப் போய் விபூதிப் பொட்டலத்தைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வைக்கச் சொல்லிக் காவல்கார அம்மாவிடம் கொடுத்தேன். அவர் பொட்டலத்தை மோந்து பார்த்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். படத்துக்கு நேராக ஒரு நிமிஷம் பிடித்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஊர் திரும்பியதும் தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம், “குதிரை இன்னும் வரல, ஜனங்க காத்துக்கினு இருக்கறாங்க” என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

ஆவணியில் கல்யாணம். சேலையைப் பற்றி நானே சொல்லக் கூடாது, மண்டபமே சொன்னது. ஆனால் சேலையில் எங்கேயோ ஒரு குதிரை ஒளிந்திருப்பதாகச் சரசு சமையற்காரர் வரைக்கும் சொல்லி வைத்துவிட்டாள். கெட்டிமேளம் கொட்டுகிறது, அட்சதையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை பேரும் முந்தானையில் குதிரையைத் தேடுகிறார்கள். “அதோ, அந்தக் குடைக்குக் கீழ.” “அது குதிர இல்ல, மடிப்பு.” தாலி கட்டியதை ஒருவரும் பார்க்கவில்லை. போட்டோவில் இருக்கிறது: ஒருத்தி குனிந்திருக்கிறாள், ஒருத்தி பின்னால் திரும்பிப் பேசுகிறாள், ஒருவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைக்கிறார், குழந்தை ஒன்று பூவைப் பிய்க்கிறது. எல்லார் தலையும் ஆளுக்கொரு பக்கம். நான் மட்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முந்தானை நுனியையும் மாப்பிள்ளை துண்டையும் முடிபோட்டு, அக்கினியைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள். முடியை அவிழ்க்க சூலி மெனக்கெட்டான். பெரிய விரல்கள் அவனுக்கு. பட்டு இறுகினால் லேசில் விடாது. கடைசியில் அவிழ்ந்தது. கசங்கிய நுனியை விரித்தவன் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். கட்டைவிரல் நகத்தளவு பழுப்புப் பட்டில், நாலு தீற்றல்.

“குதிரை!” என்று கத்தினான், தமிழில்.

“எங்க, எங்க?” என்று சரசு ஓடிவந்தாள். அதற்குள் சுகந்தி நுனியை உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.